வளர்ச்சி நின்றால் வைத்தியமும் நிற்பதா?

எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயில் பரம்பரையாக வருவதில் அதிகம் காணப்படுவது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகை. ஏறக்குறைய 20,000 பேரில் ஒருவருக்கு. இது வெயில் படாததாலோ சத்தான சாப்பாடு இல்லாததாலோ வருவதில்லை. 1995-இல் கண்டறியப்பட்ட ஃபெக்ஸ் மரபணு பழுதானால் எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் மிகுந்து, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சிறுநீரில் போய்விடுகிறது. பழுதான மரபணு ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கும். பாஸ்பேட் இழப்பும் தொடரும். ஆனாலும் கால் வளைவு ஓரளவு நிமிர்ந்து, வளர்த்தி நின்றதும் பல வீடுகளில் மருந்தும் நின்றுவிடுகிறது. பிறகு முப்பதிலோ நாற்பதிலோ தொடை எலும்பில் மெல்லிய முறிவு, மூட்டுத் தேய்மானம், தசைநாண்கள் எலும்பாக இறுகுதல், சொத்தையில்லாத பல்லிலும் சீழ் என்று நோய் திரும்பத் தலைகாட்டும். சாதாரண மூட்டுவலி என்று வலிமாத்திரையோடு அனுப்பப்படுகிறவர்களில் இவர்களும் உண்டு.

பெரியவர்களுக்கு மாத்திரையால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. பாஸ்பேட்டும், வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலும் தொடர்ந்து எடுத்தவர்களுக்குப் பல் கோளாறு குறைந்ததை 2015-இல் வந்த ஆய்வு காட்டியது. தசைநாண் இறுகுவது மட்டும் குறையவில்லை. அளவு தவறினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும், பாராதைராய்டு சுரப்பி கெடும். ஆகவே வலியோ முறிவோ உள்ளவர்களுக்கு மருந்து, மற்றவர்களுக்கு இடைவிடாத கண்காணிப்பு என்பதே பொருந்தும். எஃப்.ஜி.எஃப்.23-ஐத் தடுக்கும் புரோசுமாப் ஊசி நல்ல பலன் தருகிறது. 134 பெரியவர்களிடம் நடந்த சோதனையில், 24 வாரத்தில் எலும்பு முறிவுகளில் 43 சதவீதம் முழுதாகக் கூடின. போலி ஊசி போட்டவர்களிடம் 8 சதவீதம்தான். அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாதது. எல்லோருக்கும் அதைக் கொடு என்று அரசை இன்று கேட்க முடியாது. ஆனால் ரத்தத்தில் பாஸ்பேட் பார்ப்பதற்கும், சிறுநீரக ஸ்கேனுக்கும், பல் சிகிச்சைக்கும் அந்தச் செலவு இல்லையே.

ஆனால் இந்தக் கண்காணிப்பு இடையில் அறுந்துவிடக் கூடாது. சென்னை வேளச்சேரியில் இந்த நோயோடு வளரும் ஒரு குழந்தைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 12 வயது தாண்டினால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரண்டுமே சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை. குழந்தையின் கோப்பு எழும்பூரிலிருந்து பெரியவர்களுக்கான நாளமில்லாச் சுரப்பிப் பிரிவுக்கு அப்படியே போய்ச் சேர ஒரு சுற்றறிக்கை போதும். அந்தக் கோப்பில் குடும்ப விவரமும் இருக்கட்டும்: இந்த நோயுள்ள தகப்பனின் மகள்கள் அனைவருக்கும் அது வரும், மகன்களுக்கு வராது, தாய்க்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. சுகாதாரத் துறை அந்தச் சுற்றறிக்கையை இந்த ஆண்டே அனுப்ப வேண்டும்.