தூங்குமூஞ்சி என்று சொன்னவர்களுக்கு

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகிற சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். இந்த மாநகரத்தை எழுப்பிவிடுகிறவர்கள் யார் என்று தெரியும். குப்பை வண்டி, தண்ணீர் லாரி, ஒரகடத்துக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேன், ராத்திரி டூட்டி முடிந்து சைக்கிளில் திரும்பும் செக்யூரிட்டி. எங்கள் தோழர் ஒருவரின் அப்பாவும் இந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வயது நாற்பத்தெட்டு. வண்டியின் பின்னால் தொங்கியபடியே கண் செருகி விடுகிறார் என்று சொல்லி அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நிறுத்தும்போது மேஸ்திரி சொன்னது: "உங்க ஆளுங்களுக்கே இதான் வேல, எங்க பாத்தாலும் தூக்கம்."

"உங்க ஆளுங்க." இரண்டே சொல்லில் சாதியும் வந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது.

அந்த அம்மாவுக்கு மட்டும் விஷயம் பல வருடங்களாகத் தெரியும். பெரிய கொறட்டை, திடீரென்று சத்தமே இல்லாத ஓர் அமைதி, பிறகு தண்ணீரில் மூழ்கியவர் மேலே வருவதுபோல ஒரு திணறல். "மூச்சு நின்னுபோச்சோன்னு நெஞ்சுல கைய வெச்சுப் பாப்பேன்" என்றார் எங்களிடம். இரண்டு வகை பிரஷர் மாத்திரை போட்டும் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கவில்லை. ஒரு முகாமில் இளம் மருத்துவர் ஒருவர்தான் முதல்முறையாக மனைவியைப் பார்த்து, "ராத்திரி மூச்சு நிக்குதாம்மா?" என்று கேட்டார். பரிசோதனை செய்து பார்த்ததில் மணிக்கு நாற்பத்திரண்டு முறை மூச்சு தடைப்படுகிறது. முப்பதைத் தாண்டினாலே தீவிரம் என்பது மருத்துவக் கணக்கு. நிமிடம் ஒன்றரைக்கு ஒருமுறை மூளை அவரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. மனிதர் இரவு முழுக்க தூங்கவே இல்லை. அதற்குத்தான் பகலில் தூங்குமூஞ்சிப் பட்டம்.

ஸ்லீப் ஆப்னியா என்கிற இந்த நோயைக் குண்டானவர்களின் நோய், பணக்காரர்களின் நோய் என்று பொதுப்புத்தியில் பதித்து வைத்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்து, காரணம் இந்த நோய் என்று மருத்துவர்கள் சொன்னபோது, ஊடகங்கள் சில நாள் கொறட்டையைப் பற்றிப் பேசின, பிறகு மறந்தன. உண்மையில் உடல் பருமன் ஒரு காரணம், அவ்வளவுதான். தாடை சிறிதாக உள்ளிழுத்திருந்தாலும், டான்சில் வீங்கியிருந்தாலும், ஒல்லியானவருக்கும் வரும். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. படுக்கப்போகும் முன் குடித்தால் அந்தத் தசை இன்னும் தளரும். இதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. எங்கள் தெருக்களில் இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் "குடியை விடு" என்ற ஒற்றை வரியோடு நோயாளியைத் திருப்பி அனுப்பும் மருத்துவமும் வேண்டாம். எங்கள் தோழரின் அப்பா குடிப்பவரே அல்ல. அதை யாரும் கேட்கக்கூட இல்லை, எழுதிவிட்டார்கள்.

வைத்தியம் என்ன? லேசான நிலை என்றால் எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது. பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பந்தைத் தைத்துவிட்டால் மல்லாக்கத் திரும்ப முடியாது. சிரிக்காதீர்கள், மருத்துவர்களே சொல்லும் வழி இது, சிலருக்குப் போதும். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி உண்டு. சிலருக்கு அறுவை சிகிச்சை. தீவிர நிலைக்கு முதல் வைத்தியம் சிபாப் மெஷின். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. மூக்கில் முகமூடி மாட்டி, காற்றழுத்தத்தால் தொண்டை வாசலைத் திறந்தே வைத்திருக்கும். அவ்வளவு எளிமையான இயந்திரம். விலைதான் எளிமையாக இல்லை. முப்பது, நாற்பதாயிரத்துக்குக் குறைந்து நல்ல மெஷின் வீட்டுக்கு வராது. முகமூடி தேயும், மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் தனியாரிடம் ஓர் இரவுப் பரிசோதனைக்கே ஆயிரக்கணக்கில் போகும். பிடித்தம் போக மாதம் பத்தாயிரத்தைத் தொடாத சம்பளத்தில் இதை எங்கே செருகுவது?

எடை குறைக்கும் புதிய ஊசிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா இந்த நோய்க்கென்றே அனுமதி தந்தது. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கும் வந்தது. வந்தபோது மாதச் செலவு பதினாலாயிரத்துக்குக் குறையவில்லை. விளம்பரத்தை எங்கள் தெருவும் பார்த்தது.

சரி, அரசு என்ன செய்கிறது? முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது. பெரிய திட்டம்தான், அதனால் உயிர் பிழைத்தவர்கள் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். ஆனால் அது மருத்துவமனைக் கட்டிலில் படுத்தால் பணம் தரும் ஏற்பாடு. பக்கவாதம் வந்து விழுந்தால் அட்டை வேலை செய்யும். பக்கவாதம் வராமலிருக்க வீட்டில் வைத்துக்கொள்ளும் மெஷினுக்கு அட்டையை நீட்டினால் கையை விரிக்கிறார்கள். தனியார் காப்பீட்டின் கூத்து இன்னொரு வகை. கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் மிகுந்த எடையும் இருந்தால் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு விதியில் இடம் உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோகும் சிபாப்புக்குப் பெரும்பாலும் பணம் இல்லை. வயிற்றை வெட்டக் காசு உண்டு, காற்றுக்கு இல்லை.

மத்திய அரசு ஊழியருக்கோ சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் இதே மெஷினுக்கு ஓர் உச்சவரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கிறது. அது அவர் உரிமை, அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. அந்த அதிகாரியின் தெருவைக் கூட்டுகிறவருக்கும் அதே தொண்டை, அதே மூச்சு என்றுதான் சொல்கிறோம். பிரிட்டனில் பொது மருத்துவ சேவை இந்த மெஷினை இலவசமாக இரவல் தருகிறது. தேவை தீர்ந்தால் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே.

வீட்டு வைத்தியத்துக்கெல்லாம் அரசு எப்படிப் பொறுப்பெடுக்கும் என்று கேட்கிற அறிவாளிகளுக்கு ஒரு பழைய கதை. பக்கத்திலிருக்கும் தாம்பரம் சானடோரியம், 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கியது. 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, கட்டில் எல்லாம் இருந்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பிய காலம் அது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெரிசலான வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது: வீட்டிலேயே வைத்தியம் செய்தாலும் கிட்டத்தட்ட அதே பலன். உலகத்தின் காசநோய்க் கொள்கையையே அது மாற்றியது. குடிசையில் வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்கே பாடம் சொன்ன ஊரில் நின்றுகொண்டு, மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் என்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பைகள்கூட அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன. அந்தப் பையைக் கொண்டுவர முடிந்த அரசுக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுவர முடியாதா? வாசலுக்கு வரும் தன்னார்வலர் அக்காவின் நோட்டில் எட்டுக் கேள்வி சேர்த்தால் போதும். கொறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. ஸ்டாப்-பேங் என்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பட்டியல் அது. செலவு ஒரு இஞ்சு டேப்.

மின்சாரம்? நாங்கள் கணக்குப் போட்டோம். ஈரப்பதம் ஏற்றாமல் ஓட்டினால் நாற்பது வாட் என்று தாராளமாகவே வையுங்கள், எட்டு மணி நேரம். இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட்டுக்குள் அடங்கும். நூறு யூனிட் இலவச மின்சாரம் இருக்கவே இருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். டான்சிலும் அடினாய்டும் வீங்கிய குழந்தை வாயைத் திறந்து தூங்கும், வியர்க்கும், சில பிள்ளைகள் படுக்கையை நனைக்கும், வகுப்பில் கவனம் நிற்காது. வாத்தியார் என்ன சொல்வார் என்று நமக்கு மனப்பாடம்: "இதுங்களுக்கு எங்க படிப்பு ஏறும்." எங்களில் இரண்டு பேர் அந்த வாக்கியத்தைக் கேட்டே பள்ளியைக் கடந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டை எடுத்தாலே நல்ல முன்னேற்றம் வரும், அரசு மருத்துவமனையிலேயே செய்யும் அறுவை அது. ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகளில் தங்கியிருக்கும் மாணவர்களே, பக்கத்துப் பாயில் தூங்குகிற தம்பியை ஒரு ராத்திரி கவனியுங்கள்.

வேலை நேரத்தைத் தொடாமல் தூக்கத்தைப் பேச முடியாது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது எட்டு மணி நேர வேலைக்காக நின்றவர் அண்ணல். 2023 ஏப்ரலில் இதே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதால்தான் பின்வாங்கினார்கள். 

தோழரின் அப்பாவுக்கு மெஷின் வந்தது எப்படி என்று கேட்டீர்களானால், ஏலச்சீட்டு எடுத்தோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதலில் ஒரு பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் நுரை சிதைகிறது என்று இலட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது நினைவுக்கு வந்து, மாடல் எண்ணைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். பழையது வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். புதியது மாட்டிய முதல் வாரம் முகமூடியைப் பிடுங்கிப் போட்டார். அழுத்தத்தைச் சரிசெய்த பிறகு ஒத்துக்கொண்டார். இப்போது அந்த அம்மா தூங்குகிறார். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள். மனு தயார்: மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இலவசத் தூக்கப் பரிசோதனை, காப்பீட்டில் சிபாப், இரவல் மெஷின் கையிருப்பு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் வேலையைப் பறிக்காத பரிசோதனை. இந்தக் கடைசி வரி முக்கியம். நோயைக் கண்டுபிடித்து வேலையைவிட்டுத் துரத்துவதற்குப் பரிசோதனை வேண்டாம். குன்றத்தூர் பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நிற்போம். வீட்டில் கொறட்டை விடுகிறவர் யாராவது இருந்தால், அவரையும் கூட்டிவாருங்கள்.