பட்டப்பெயரும் நோயும்

"அவனுக்குக் காம்ப்ளெக்ஸ்", "எங்க மேனேஜர் ஒரு நார்சிஸ்ட்" என்று துபாய் அலுவலகங்களிலும் ஷார்ஜாவின் பெட் ஸ்பேஸ் அறைகளிலும் இப்போது ஆளுக்கொரு உளவியல் பேசுகிறோம். பேசுவதெல்லாம் நோய்தானா?

'காம்ப்ளெக்ஸ்' என்று நாம் சொல்லும் தாழ்வு மனப்பான்மையை உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் விளக்கி நூறாண்டு ஆகிறது. 'எனக்கு இந்தத் தகுதியில்லை' என்று உறுத்தும் 'இம்போஸ்டர்' உணர்வை 1978இல் உளவியலாளர்கள் கிளான்ஸும் ஐம்ஸும் விவரித்தார்கள். வளர்ந்தும் பொறுப்பேற்காத ஆண்களைச் சொல்லும் 'பீட்டர் பான் சிண்ட்ரோம்' 1983இல் வந்த ஒரு ஜனரஞ்சக நூலின் தலைப்பு. இவற்றில் எதையும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் தனி நோயாகச் சொல்வதில்லை. நார்சிசத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடமுண்டு. லீவு தராத மேனேஜரெல்லாம் அதில் அடங்கமாட்டார்.

வளைகுடாவின் பெயரிலும் ஒன்று உண்டு. இங்கே உழைக்க வந்தவர்களின் குடும்பங்களில் கண்ட மனச்சிக்கல்களைப் பாகிஸ்தான் மருத்துவர்கள் 1980களில் 'துபாய் சிண்ட்ரோம்' என்றார்கள். அதுவும் பட்டியலேறவில்லை. அதனால் அந்தக் குடும்பங்களின் வேதனை பொய்யாகிவிடுமா?

'பர்ன்அவுட்' விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாக இருக்கிறது: அது நோயல்ல, தீராத பணி அழுத்தத்தின் விளைவு. அதாவது, கோளாறு வேலையிடத்தில். நம் பட்டப்பெயர்களோ ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன், இரண்டு வருடத்துக்கொரு லீவு, நெரிசலான கேம்ப் எல்லாவற்றையும் மறைத்துப் பழியைத் தொழிலாளியின் சுபாவத்தின் மேல் போடுகின்றன. நிஜமான மனச்சோர்வும் "அவன் அப்படித்தான்" என்ற பேச்சில் கரைந்துபோகிறது.

இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்தில் விலை இருக்கிறது. அமீரகத்தின் 2023ஆம் ஆண்டு மனநலச் சட்டம், 1981ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி வந்தது. சிறப்பு மருத்துவக் குழுவின் அறிக்கை இல்லாமல் மனநோயாளியை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்கிறது அது. 'காம்ப்ளெக்ஸ்' உள்ளவருக்கு அப்படி எந்தக் காப்பும் கிடையாது.

எனவே அறைத்தோழர் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அவருக்குப் பெயர் சூட்ட வேண்டாம், மருத்துவரிடம் கூட்டிப்போவோம். கேலிக்கு நாம் வைக்கும் பெயர் போதும். சிகிச்சைக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

— ஆசிரியர் குழு