கட்டாத வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் மூன்றாவது கேள்வியாகவாவது "நீங்க என்ன ஆளுங்க?" வந்துவிடும். நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சொந்த ஊரைக் கேட்பார்கள், ஊருக்குள் எந்தத் தெரு என்பார்கள், கறி சமைப்பீர்களா என்பார்கள். கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி இதில் எதையும் கேட்பதில்லை. அவருக்குச் சம்பளச் சீட்டும் பான் எண்ணும் போதும். நம் பிள்ளைகள் வேலைக்குப் போன சில ஆண்டுகளிலேயே, கட்டி முடியாத அடுக்குமாடியில் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். விலை குறைவு என்பது வெளியே சொல்லும் காரணம். அந்தக் கேள்வி அங்கே இல்லை என்பது சொல்லாத காரணம்.

இந்த ஆசையைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கே 1917இல் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டினார்கள். அவர்தான் 1930களில் தாதரில் தனக்கென்று ராஜகிருகத்தைக் கட்டிக்கொண்டார். சொந்த வீடு நமக்கு வெறும் சொத்துக் கணக்கு அல்ல.

நாங்கள் இருவரும் இப்போது அதே முடிவின் முன்னால் நிற்கிறோம். கூடுவாஞ்சேரிக்கு அருகே, அஸ்திவாரம் மட்டுமே முடிந்த ஒரு திட்டம். இரண்டு படுக்கையறை, 50 லட்சம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் விலையில் தள்ளுபடி என்கிறார்கள். முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள் கட்டாத வீட்டை வாங்காமல் இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு நாங்கள் வந்திருக்கிறோம். ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 50 லட்சத்தில் வங்கி 40 லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 34,700 ரூபாய் சொச்சம். கட்டடம் வளர வளர வங்கி பணத்தை விடுவிக்கும். பாதிப் பணம் போன நிலையில் வேலை நின்றால், அந்த 20 லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் 14,000க்கு மேல். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இருக்கிற வீட்டுக்கு வாடகையும் தனியாகப் போகும். இரண்டு ஆண்டு இழுத்தால் வட்டியாக மட்டும் சுமார் 3,40,000 ரூபாய் கரைந்திருக்கும். இதற்கு மேல் ஜிஎஸ்டி. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம், அதாவது இரண்டரை லட்சம். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கப்படும் வீட்டுக்கு அந்த வரி இல்லை. 'இப்போ வாங்கினா மலிவு' என்கிறவர்கள் இதைக் கழித்துச் சொல்வதில்லை.

இந்தத் தாமதம் எல்லாருக்கும் ஒரே எடையில் விழாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாங்கிய வீடு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. அவர் அப்பா ஊரில் கொஞ்சம் நிலத்தை விற்று அனுப்பினார், மாமனார் வட்டியில்லாமல் கொடுத்தார், சமாளித்துக்கொண்டார். சமூகவியல் வகுப்பில் இதற்குச் சமூக மூலதனம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. வேலைக்குப் போன ஒரு பிள்ளையிடமிருந்து தம்பியின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் மருத்துவம், அக்காவின் நகைக்கடன் மீட்பு என்று ஊருக்குப் போகும். விற்க நிலம் இல்லை. கேட்கச் சித்தப்பா இருக்கிறார், அவரே நம்மிடம் கேட்கும் நிலையில் இருக்கிறார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல சட்டம்தான். 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவு எண் வாங்காமல் விளம்பரப்படுத்தவோ முன்பணம் வாங்கவோ கூடாது. விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் கட்டும் தொகையில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். தாமதமானால் வெளியேறி, பணத்தை வட்டியோடு கேட்கலாம். ஆனால் உத்தரவு வாங்குவது ஒன்று, பணம் கைக்கு வருவது இன்னொன்று. நொய்டாவில் அம்ரபாலி திட்டங்களில் பணம் கட்டியவர்கள் 40,000க்கும் மேல். 2019இல் உச்சநீதிமன்றமே அந்நிறுவனத்தின் பதிவை ரத்து செய்து, மீதியைக் கட்ட அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யை நியமிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலம் தவணையையும் வாடகையையும் சேர்த்துக் கட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்?

எங்களை அதிகம் தடுத்தது கணக்கு அல்ல, மண். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் பஞ்சமி நிலங்கள் நம் முன்னோருக்கு வழங்கப்பட்டன. நம்மவர் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். இன்று அதே மாவட்டத்தில்தான் பக்கத்துக்குப் பக்கம் அடுக்குமாடி விளம்பரம். வங்கி வழக்கறிஞர் பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம் பார்த்து 'தெளிவு' என்று எழுதிக் கொடுப்பார். நூறு ஆண்டுக்கு முந்தைய நிபந்தனை அதில் எப்படித் தெரியும்? சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும், அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டைத் தேட வேண்டும். 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பஞ்சமி நிலங்கள் பல, சாதாரணப் பட்டாவாக மாறிவிட்டன என்று நில உரிமை இயக்கங்கள் இன்றுவரை சொல்லிவருகின்றன. நம் பாட்டன் இழந்த நிலத்தின் மூன்றாவது மாடியில் ஒரு துண்டை, 20 ஆண்டுக் கடனில் நாமே திரும்ப வாங்குவதா? சட்டச் சிக்கல் வராவிட்டாலும் எங்களுக்கு அந்த வீட்டில் தூக்கம் வராது.

கட்டுகிறவர்களும் நம் கணக்கில் வர வேண்டும். 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. இறந்தவர்கள் 61 பேர். பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தவர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். தளத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வீட்டின் டைல்ஸை மட்டும் பார்த்துத் திரும்பாமல், வேலை செய்கிறவர்கள் தங்கும் கொட்டகை வரை நடந்துவிட்டு வரலாம். கூலி ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று அங்கே விசாரித்தால், நிறுவனத்தின் பண நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

சாவி கையில் வந்த பிறகும் அந்தப் பழைய கேள்வி வேறு வாசலில் காத்திருக்கும். உரிமையாளர் சங்கம் என்று ஒன்று உண்டு. எந்த மாடத்தில் எந்தச் சாமி, மொட்டை மாடியில் கருவாடு காயலாமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. ஆட்கள் குடிவந்துவிட்ட கட்டடமென்றால், காவலாளியிடமும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் பத்து நிமிடம் பேசினாலே அந்த இடத்தின் குணம் தெரியும். கட்டாத கட்டடத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

"இப்படிப் பயந்துகிட்டே இருந்தா நாம எப்பத்தான் வீடு வாங்குறது?" என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முடிந்த வீட்டுக்கு விலை கூடத்தான் செய்யும். காத்திருக்கும் இரண்டு ஆண்டில் இன்னும் கூடும். அதனால் ஐம்பது லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை என்பதை விட்டு, நிறைவுச் சான்று வாங்கிய கட்டடத்தில் அதைவிடச் சிறியதாக, கொஞ்சம் உள்ளடங்கிய தெருவாக இருந்தாலும் சரி என்று தேடத் தொடங்கியிருக்கிறோம். பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி, பத்திரத்தில் அது எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. கட்டடம் பழசாகிப் போனாலும் கையில் நிற்பது அந்த மண்தான்.

கூடுவாஞ்சேரித் திட்டத்தின் சர்வே எண்ணைக் கேட்டோம். "அதெல்லாம் பேங்க்ல பார்த்துட்டாங்க சார்" என்றார் பிரதிநிதி. எண்ணை எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைத் தள்ளுபடி போனால் போகட்டும்.