வாடகையைக் கேட்கிறோம், ஜன்னலைப் பார்க்கிறோமா?

தோட்டத்தை விட்டு கிள்ளான், பூச்சோங், பட்டர்வொர்த் பக்கம் வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் பலர் அடுக்குமாடி வீடுகளில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். வீடு பார்க்கப் போனால் வாடகை எவ்வளவு, டெப்பாசிட் எத்தனை மாசம் என்று கேட்கிறோம். ஜன்னல் எங்கே என்று கேட்கிறோமா?

சட்டம் கேட்கிறது. 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டத்தின் 39ஆவது விதிப்படி, குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல் இருக்க வேண்டும். தரைப் பரப்பில் 5 விழுக்காடாவது காற்று தடையில்லாமல் போய்வரத் திறந்திருக்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் 10 சதுர அடி ஜன்னல், 5 சதுர அடி திறப்பு. இழுத்து மூடும் கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறக்கும், அதன் முன்னால் அலமாரியை வைத்து விட்டால் அதுவும் போச்சு!

இதைவிட மோசம், ஹாலைப் பலகை அடித்துப் பிரித்து 'ரூம்' என்று வாடகைக்கு விடுவது. நடு ரூமுக்கு ஜன்னலே கிடையாது. நாலு பேர் படுக்கிறார்கள். அதில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், அவர் இருமும்போது வெளிவரும் கிருமி அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அடுத்த பாயில் படுத்தவரும் 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டி வரலாம். நம் பழைய லயங்களுக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டுச் சண்டையோடு காற்றும் வந்தது.

'ஏர்கோன் இருக்கே டிரஸ்ஸர்' என்பார்கள். சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே இழுத்துக் குளிராக்கி ஊதுகிறது. கொசு வரும் என்று எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துவது அதைவிடக் கெடுதல். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். புகைமூட்ட நாள் தவிர, காலையும் மாலையும் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்துத் திறந்து வையுங்கள்.

ஜன்னலே இல்லாத ரூமுக்கு என்ன செய்வது? தோட்டம் கொடுக்கும் வீட்டுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தொழிலாளர் இலாகா அதிகாரி வந்து பார்க்கலாம். வாடகைக்காரர் நகராண்மைக் கழகத்திடம்தான் போக வேண்டும். புகார் கொடுத்தால் வீட்டுக்காரர் எழுப்பி விடுவார் என்ற பயத்தில் யாரும் போவதில்லை. ஆகவே அந்தப் புகாரைச் சங்கமே தன் பெயரில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.