பார்சல் மேசையிலிருந்து: குதிரைகள் எங்கே போயின?



சென்ற திங்கள் இப்பகுதியில், மோட்டார் சைக்கிளை ரயிலில் பார்சலாக அனுப்பும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த என் மைத்துனர், பூப்பாறையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை, ஓடும் வண்டியை அனுப்புவது பற்றி எழுதுகிறீர்கள். மேடேறாத வண்டிக்கு ஒரு வழி எழுதக் கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே இம்மாதக் கட்டுரையாயிற்று.

அவருடைய வண்டி ஒரு கான்டெஸா. இளைஞர்கள் சிலருக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி செய்த விக்டர் வகைக் காரை ஆதாரமாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1984-இல் இதனை வெளியிட்டது. நீண்ட மூக்கும் அகன்ற தோளும் கொண்ட அதன் தோற்றம், 1960-களில் அமெரிக்காவில் புகழ் பெற்ற 'மஸில் கார்' வகையை நினைவூட்டியது. ஆகவே 'இந்தியாவின் மஸில் கார்' என்று இன்றும் பலர் அதனைப் போற்றுகின்றனர். ஆனால் உடல்தான் பயில்வானுடையது. முதலில் வந்த வண்டிகளின் உள்ளே இருந்ததோ அம்பாஸடரின் 1,489 சி.சி. எஞ்சின், அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத் திறன். பின்னர் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி 88 குதிரைத் திறனாக உயர்த்தினார்கள். 2002-இல் உற்பத்தி நின்றது. மைத்துனரிடம் உள்ளது அந்த முதல் வகை.

அவர் அதனை ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. என் மாமனார் ஓர் ஏலத்தோட்டத்தில் டிரைவராகப் பல்லாண்டுகள் இருந்தவர். முதலாளியின் கான்டெஸாவை ஓட்டினாரேயன்றி, அதன் பின்னிருக்கையில் ஒரு நாளும் அமர்ந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எண்ணி, பழைய வண்டி ஒன்றை மகன் தேடிப் பிடித்தார். தந்தையைப் பின்னால் அமர்த்திப் போடிக்கு அழைத்துச் சென்றார். போகும்போது இறக்கம், தொல்லையில்லை. திரும்பி வருகையில், போடிமெட்டு மலைச்சாலையில் நான்கு இடங்களில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. பின்னால் வந்த ஜீப்புகள் ஹாரன் அடித்துக் கடந்தன. கிழவனார் இறங்கி நின்று கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அடை கொடுத்தாராம்.

அந்த வெட்கம் மகனைச் சுட்டது. ஓர் ஒர்க்ஷாப்பில், "இந்த எஞ்சினுக்கு இவ்வளவுதான் சக்தி, கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய டீசல் எஞ்சின் வைத்துவிடலாம்" என்று கூறிப் பெருந்தொகை ஒன்றும் கேட்டிருக்கிறார்கள். அவர் கையில் அவ்வளவு பணம் இருந்தது. ஆனால் அது மகளின் நர்ஸிங் படிப்புக்காகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

"பத்து நாள் பொறுங்கள், முதலில் அளப்போம்" என்றேன். பார்சல் அலுவலகத்தில் எடை போடாமல் எதற்கும் ரசீது எழுதுவதில்லை. வண்டிக்கும் அதே நியாயம்தான்.

குதிரைத் திறன் என்பது என்ன? ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினை விற்பதற்காக, குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டு வகுத்த அளவு அது. நம் மெட்ரிக் கணக்கில், 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் ஆற்றலே ஒரு குதிரைத் திறன். எடை, உயரம், நேரம் ஆகிய மூன்றும் தெரிந்தால், பள்ளிச் சிறுவனும் கணக்கிடலாம்.

அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அமெரிக்கக் கம்பெனிகள் 1971 வரையில், எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, சைலென்ஸர் முதலிய சுமைகளை நீக்கி அளந்த எண்ணையே விளம்பரப்படுத்தி வந்தன. 1972-இல், வண்டியில் உள்ளபடியே அளக்கும் முறைக்கு மாறின. 1971-இல் 270 என்று எழுதப்பட்ட கார்வெட் காரின் சாதாரண எஞ்சின், மறு ஆண்டில் 200 ஆயிற்று. எழுபது குதிரைகளும் லாயத்தை விட்டு ஓடிவிடவில்லை. பெரும்பாலும் அளவுகோலே மாறியது. அன்றியும், எஞ்சினில் பிறக்கும் ஆற்றலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை கியரிலும் அச்சிலும் கழிந்துவிடும். மலையில் காற்றும் மெலிவு. 300 மீட்டர் உயரத்துக்கு நூற்றுக்கு மூன்று என்ற கணக்கில் திறன் குறையும்.

பெருநகரங்களில், உருளைகளின்மேல் சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் டைனமோமீட்டர் உண்டு. நமக்கு மலையே டைனமோமீட்டர். இரண்டு நாள் விடுப்பெடுத்துச் சென்றேன். ஊருக்கு மேலே, வளைவு இல்லாத அரை கிலோமீட்டர் ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தோம். அதன் உயரம் 40 மீட்டர். விடியற்காலையில், சாலை வெறிச்சோடியிருந்த வேளையில், ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுடன் வண்டி ஏறியது. கீழ்க்கல்லை அடையுமுன்பே ஒரே வேகத்துக்கு வந்துவிட வேண்டும்; ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதிக்க வேண்டும். மேற்கல்லை அடைய 50 விநாடியாயிற்று. 1,500-ஐ 40-ஆல் பெருக்கி, 50-ஆலும் பின் 75-ஆலும் வகுத்தால் 16. ஐம்பது குதிரைகள் பூட்டிய வண்டியில், பாரம் தூக்கியவை பதினாறே!

ஏனையவை எங்கே போயின? போடியில் ஓய்வாக இருக்கும் முதிய மேஸ்திரி ஒருவரைக் கண்டோம். அவர் பெரிய எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. மைத்துனரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கேபிள் தளர்ந்திருந்தது, கால் முழுதும் மிதித்தாலும் கார்புரேட்டர் முக்கால் பங்கே திறந்தது. அடுத்துப் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினார். ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தது. காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருந்தது. பாயிண்ட் தேய்ந்து, தீப்பொறி தாமதமாக விழுந்தது. இறுதியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷன் பார்த்தார். மூன்று சிலிண்டர்கள் 130-ஐ ஒட்டிக் காட்ட, இரண்டாவது 80-இலேயே நின்றது. அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் பார்த்தார். எண் உயர்ந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது என்று பொருள். உயரவில்லை. ஆகவே குற்றம் வால்வில். ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்து உட்கார்த்தி, புதிய காஸ்கெட் வைத்தார்.

மறு வாரம் அதே ஏற்றம், அதே எடை. இம்முறை 32 விநாடி. கணக்கிட்டால் 25 குதிரைத் திறன்! இது பாரம் தூக்கிய ஆற்றல் மட்டும். சாலை உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஏறத்தாழ ஐந்து. கியரில் கழிவதையும், 1,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவால் குறைவதையும் சேர்த்தால், சமவெளிக் கணக்கில் ஏறத்தாழ 40. முப்பது ஆண்டுகளைத் தாண்டிய எஞ்சினுக்கு இது பெருமையே. செலவு, சீட்டுப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

எஞ்சினை மாற்றவே கூடாதென்று நான் கூறவில்லை. ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நம் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. பதிவு அதிகாரியின் அனுமதியில்லாமல் எஞ்சினை மாற்றியபின் விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் இடமுண்டு.

இன்னொன்றும் சிந்திக்க வேண்டும். ஏறிய வண்டி இறங்க வேண்டும். போடிமெட்டிலிருந்து போடி வரை இறக்கம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். 1,500 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றலை வெப்பமாகக் கணக்கிட்டால், ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி வருவோர், இவ்வளவு சூட்டில் பெரும்பகுதியையும் பிரேக்கின் தலையில் சுமத்துகிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். குதிரைகளைக் கூட்டுபவர், கடிவாளத்தை முதலில் பார்க்க வேண்டாமா?

சென்ற ஞாயிறன்று நாங்கள் அனைவரும் மீண்டும் போடிக்குச் சென்று திரும்பினோம். மாமனார் பின்னிருக்கையில், வேட்டியைச் சீராக மடித்து, முதலாளி அமரும் இடப்புறத்திலேயே அமர்ந்திருந்தார். திரும்பும் ஏற்றத்தில் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. அவரும் ஏதும் பேசவில்லை. போகும்போது, முதல் இறக்கத்தில் மட்டும் மகனின் தோளைத் தொட்டு, "ரெண்டாம் கியரிலேயே விடுப்பா, அவசரமில்லை" என்றார்.

முன்னிருக்கையில் பேத்தி இருந்தாள். கல்லூரிக்குப் பணம் கட்டிய ரசீது அவள் கைப்பையில் இருந்தது.

உங்கள் வீட்டுப் பழைய வண்டியும் மேடேற மறுத்தால், புதிய எஞ்சினுக்கு விலை கேட்குமுன் ஓர் ஏற்றமும் ஒரு கடிகாரமும் கொண்டு அளந்து பாருங்கள். பழுது பார்த்தபின், அதே ஏற்றத்தில் மீண்டும் ஒருமுறை அளக்கவும் மறவாதீர்கள்.