ஹைட்ரஜனிடம் 1.7 கணக்கு செல்லாது



போன வாரம் மாதிரித் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி: சோடியம் ஹைட்ரைடில் உள்ள பிணைப்பு எது? நான் அயனிப் பிணைப்பு என்று எழுதினேன். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு வந்தது. காரணம் கேட்டால், எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசம் 1.7-க்கு மேல் இருந்தால்தான் அயனிப் பிணைப்பு, இங்கே அவ்வளவு இல்லை, ஆகவே சகப்பிணைப்பு என்றார்கள். ஒரு மார்க் போனது பெரிய விஷயமில்லை (பொய், பெரிய விஷயம்தான்). ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பாலிங் அளவுகோலில் ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. வித்தியாசம் 1.27. விதிப்படி சகப்பிணைப்பு. ஃபுளூரின் 3.98, ஹைட்ரஜனோடு வித்தியாசம் 1.78. விதிப்படி ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஓர் அயனிச் சேர்மம்!

உண்மை நேர்மாறானது. ஹைட்ரஜன் ஃபுளூரைடு தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது, கிட்டத்தட்ட 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சோடியம் ஹைட்ரைடோ திடப்பொருள். அதன் படிக அமைப்பும் நம் வீட்டுச் சாப்பாட்டு உப்பின் படிக அமைப்பும் ஒன்றே. ஒரே விதி இரண்டு பக்கமும் கவிழ்கிறது என்றால் அதை விதி என்று சொல்லலாமா? 1.7 என்பது பிணைப்பில் அயனித்தன்மை ஏறக்குறைய பாதியளவு இருக்கும் இடத்தைக் காட்டும் தோராயமான எண், அவ்வளவுதான். ஹைட்ரஜன் விஷயத்தில் அதை நம்பக்கூடாது என்பது என் கருத்து.

சரி, ஹைட்ரஜன் ஏன் இப்படி? அதனிடம் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். அதைப் பிடுங்க மோலுக்கு 1312 கிலோ ஜூல் வேண்டும். சோடியத்துக்கு 496 போதும். அதனால் சோடியம் மாதிரி தாராளமாகக் கொடுக்கும் குணம் ஹைட்ரஜனுக்கு இல்லை. வாங்குவதிலும் பெரிய ஆர்வம் கிடையாது. ஓர் எலக்ட்ரானை ஏற்றால் குளோரின் 349 கிலோ ஜூல் வெளிவிடுகிறது, ஹைட்ரஜன் வெறும் 73. கொடுக்கவும் மனசில்லை, வாங்கவும் அவ்வளவு ஆசையில்லை என்றால் மிச்சம் இருப்பது பங்கு போடுவது. அதில்தான் அது கெட்டி. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த பிணைப்பை உடைக்க 436 கிலோ ஜூல் தேவை. தண்ணீர், மீத்தேன், அம்மோனியா எல்லாமே இந்தப் பங்கு வியாபாரம்தான்.

எதிரில் நிற்பது சோடியம், பொட்டாசியம், கால்சியம் போல எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுவிடும் உலோகமாக இருந்தால் மட்டும் ஹைட்ரஜன் வாங்கிக்கொண்டு எதிர் அயனியாகிறது. (பெரிலியம் ஹைட்ரைடு சகப்பிணைப்புப் பக்கம், மெக்னீசியம் ஹைட்ரைடு இரண்டுங்கெட்டான்.) இது வெறும் கற்பனையில்லை. இப்படி ஓர் எதிர் அயனி இருக்கலாம் என்று லூயிஸ் 1916-இல் சொன்னார். 1920-இல் மோயர்ஸ் உருகிய லித்தியம் ஹைட்ரைடை மின்னாற்பகுப்பு செய்தார். ஹைட்ரஜன் வாயு நேர்மின்வாயில் வந்தது. தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்யும்போது அது எதிர்மின்வாயில் வருவதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இடம் மாறியதுதான் சாட்சி.

அப்போ அமிலத்தில் இருக்கிற நேர் அயனி? ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக இருக்கும்போது சகப்பிணைப்புதான். தண்ணீரில் கரையும்போது ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானைக் குளோரினிடம் விட்டுவிட்டு வெறும் புரோட்டானாக வருகிறது. ஆனால் தனியாக நிற்காது, உடனே நீர் மூலக்கூறில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலும் சகப்பிணைப்பே.

பரீட்சை அவசரத்தில் ஒரு குறுக்கு வழி வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் "உருகினால் மின்சாரம் கடத்துமா?" என்று கேட்டுப் பார்ப்பதும் குறுக்கு வழிதானே?

சோடியம் ஹைட்ரைடைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஹைட்ரஜன் வரும். ஹைட்ரைடின் எதிர் அயனி, நீரிலிருந்து ஒரு புரோட்டானைப் பறித்து, சகப்பிணைப்பு உள்ள ஹைட்ரஜன் மூலக்கூறாகிவிடுகிறது. நாளைக்கு இதையும் எழுதி எடுத்துக்கொண்டு, விடைத்தாளோடு மறுபடி போகிறேன். மார்க் வந்ததா இல்லையா என்று பின்னூட்டத்தில் சொல்கிறேன்.