குலை மலிவு, பழம் வீண்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர் பலர் சம்பள நாளன்று சந்தையில் ஏத்தன் குலையாகவே வாங்கிவிடுகிறார்கள். சீப்பாக வாங்குவதைவிட மலிவு என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால், குலை முழுதும் ஒரே மூச்சில் பழுத்து, பாதி கறுத்து, பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகிறதே, அந்தக் காசை யார் பேரில் எழுதுவது?

பழத்தின் மேல் குற்றமில்லை. பழுக்கத் தொடங்கும் காய் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அது அடுத்த காயையும் பழுக்க வைக்கும். பழுக்கும் ஆப்பிளிலிருந்து இந்த வாயு வருவதை இங்கிலாந்தில் கேன் என்பவர் 1934-இல் மெய்ப்பித்தார். குழியில் புகை போட்டுப் பழுக்க வைத்த நம் பாட்டன்மாருக்கு வாயுவின் பெயர் தெரியாது, வேலை தெரிந்திருந்தது.

தகரக்கூரை அறையில் குலையைச் சாக்கால் மூடி மூலையில் சார்த்தி வைப்பதும் ஏறக்குறைய அதே புகைக்குழிதான்! சீப்புகளைப் பிரித்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கயிற்றில் தொங்கவிட வேண்டும். அடிபட்ட காய் வாயுவை அதிகம் விடும். அதை முதலில் கறிக்கு எடுத்துவிடலாம். மாம்பழம், தக்காளி பக்கத்தில் ஆகாது. பிரிஜ் உள்ளவர்கள் பச்சைக் காயை அதில் வைக்கக் கூடாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. பழுத்த பின் வைக்கலாம். தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது.

ஏத்தனில் ஒரு வசதி, பாதிக் குலையைக் காயாகவே எரிசேரிக்கும் உப்பேரிக்கும் தீர்த்துவிடலாம். மட்டியில் அது நடவாது. குமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக அது இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருக்கப் போவதில்லை. மட்டியைச் சீப்பாக வாங்குவதே புத்தி.

கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பதற்கு 2011-ஆம் ஆண்டு விதிகளிலும் தடை இருக்கிறது. அந்தக் கல்லில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருக்கக் கூடும். எத்திலீன் வாயுவுக்கு மட்டும், பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, 2016-இல் அனுமதி தந்தார்கள். வியாபாரியை ஏசுவது எளிது. குலை முழுதும் இன்றே மஞ்சளாக வேண்டும் என்று கேட்கிறவரும் அந்தக் கல்லுக்குப் பங்காளி அல்லவா?

ஒரே வளவில் இருக்கும் மூன்று குடித்தனங்கள் கூடி, முற்றிய பச்சைக் குலை ஒன்றை வாங்கிச் சீப்புகளைப் பங்கிடட்டும். குலை விலையும் கிடைக்கும், ஆட்டுக்கும் போகாது. ஓணம் நெருங்கினால் ஏத்தன் விலை ஏறிவிடும். அதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.